யாரு ஜாப்புங்க இது?

எங்கள் வீட்டில் கார் நிறுத்தக் கட்டிய இடத்தில் ஒரு லேத் நிற்கிறது. கார் தெருவில் வேப்பமரத்தடியில் காக்கை எச்சத்தோடு கிடக்கிறது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கோயமுத்தூர்க்காரர்கள் சிரிப்பதில்லை. "மாசம் எவ்வளவு நிக்குதுங்க?" என்று கேட்பார்கள்.

ஒன்றும் நிற்கவில்லை. போய்க்கொண்டுதான் இருக்கிறது.

இந்த ஊரில் லேத் என்றால் பிழைப்பு. 1888-இல் நூற்பாலை வந்தது, 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தது. ஆலைக்கு உதிரிப் பாகம், கிணற்றுக்குப் பம்பு, பம்புக்கு மோட்டார் என்று ஒன்றன் வாலைப் பிடித்து இன்னொன்று வளர்ந்தது. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இலேயே மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. ஆவாரம்பாளையம், கணபதி பக்கம் போனால் முன் அறையில் லேத்தும் பின் அறையில் குடித்தனமுமாக இருந்த வீடுகளை இன்றைக்கும் அடையாளம் காட்டுவார்கள். அதனால் வீட்டில் லேத் வைத்திருப்பது இங்கே விசித்திரமில்லை. வைத்துக்கொண்டு சம்பாதிக்காமல் இருப்பதுதான் விசித்திரம்.

நான் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுகிறவன். நாற்பத்தாறு வயது வரை சுத்தியலைச் சரியாகப் பிடிக்கத் தெரியாது. உக்கடத்துப் பழைய இரும்புக் கடை ஒன்றில் இந்த லேத்தைப் பார்த்தேன். பெயர்த் தகடு எப்போதோ கழன்று போயிருந்தது. நான்கடி பெட், இரண்டு சேஞ்ச் கியர் குறைவு, துண்டைப் பிடித்துச் சுழற்றும் சக்கின் ஒரு தாடையில் வெட்டுக்காயம். எதற்கு வாங்கினேன் என்று இன்றுவரை என் மனைவிக்குப் புரியும்படி சொல்ல முடிந்ததில்லை. சுழற்றினால் சுழன்றது, அதுதான் காரணம். நாலு பேரும் ஒரு செயின் பிளாக்கும் சேர்ந்து இறக்கி வைத்தோம். அரைக் குதிரைத்திறன் சிங்கிள் ஃபேஸ் மோட்டார் போட்டேன். அதாவது 373 வாட். சமையலறை மிக்ஸி 750 வாட். வீட்டில் எந்த இயந்திரத்துக்கு அதிக மரியாதை என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

மேல் வீட்டில் குடியிருக்கும் அண்ணன் 41 வருடம் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். லேத் ஓடிய முதல் நாள் சத்தம் கேட்டு இறங்கி வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் ஒரு பித்தளைத் துண்டை முகம் எடுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாரு ஜாப்புங்க இது?"

"என்னுதுதாங்ணா."

"அது சரி. ஆர்டர் யாருது?"

"ஆர்டரெல்லாம் இல்லீங்ணா. சும்மா."

"சும்மாவா..." என்று இழுத்தார். கேலி இல்லை, உண்மையாகவே யோசித்தார். 41 வருடத்தில் அவர் கை வழியாகப் போன ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார், ஒரு வரைபடம் இருந்தது, சாயங்காலத்துக்குள் முடித்தாக வேண்டும் என்ற கெடு இருந்தது. யாருடையதும் அல்லாத ஜாப்பை அவர் பார்த்ததே கிடையாது.

போகும்போது ஒன்று சொன்னார். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டுக் கையைத் துடைக்கப் போயிருந்தேன். "தம்பி, சாவி கையில இருக்கோணும், இல்லாட்டி மேசையில இருக்கோணும். மூணாவது எடம் கெடையாது." சக்கில் சாவி மாட்டியிருக்கும்போது யாராவது சுவிட்சைத் தட்டினால் அது எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றிரவே சாவியின் முனையில் ஒரு ஸ்பிரிங் மாட்டினேன். இப்போது கையை எடுத்தால் சாவி தானாக வெளியே வந்துவிடும். கையுறையும் வேட்டியும் லேத் பக்கம் கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்தான். நம்ம ஊரில் ஞாயிற்றுக்கிழமை வேட்டி கட்டாமல் ஒரு ஆளைப் பட்டறைக்குள் நிறுத்துவது லேசான காரியம் இல்லை.

முதல் ஆறு மாதம் நான் எதையுமே செய்யவில்லை. லேத்தைத்தான் சரி செய்துகொண்டிருந்தேன். 25 மில்லி கம்பியைச் சக்கில் பிடித்து 150 மில்லி நீளத்துக்குக் கடைந்தால், சக் பக்கத்தைவிட வெளி முனை 0.07 மில்லி பருமனாக வந்தது. டேப்பர். தரை சமமாக இல்லாததால் ஸ்டாண்ட் முறுகி, அதோடு பெட்டும் முறுகியிருக்கிறது. வார்ப்பிரும்பு முறுகுமா என்று நானும் முதலில் நம்பவில்லை. முறுகும், ஈரத்துணி பிழிகிற மாதிரி இல்லை, ஆனால் மைக்ரோமீட்டருக்குத் தெரிகிற அளவுக்கு.

இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. கம்பியின் இரண்டு முனையிலும் வளையம் மாதிரி கொஞ்சம் மேடு விட்டு, நடுவே இறக்கிவிட வேண்டும். பிறகு அந்த இரண்டு மேட்டையும் ஒரே டூல் அமைப்பில், மிக மெல்லியதாக ஒரு கட் எடுத்து அளக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் சக்குக்கு எதிர்முனையான டெயில்ஸ்டாக் பக்கக் காலுக்கு அடியில் தகடு வைத்துத் திரும்பவும் அளக்க வேண்டும். தகட்டுக்கு நான் கண்டுபிடித்தது குளிர்பான அலுமினிய டின். கத்தரிக்கோலில் வெட்டலாம், ஏறக்குறைய 0.1 மில்லி தடிமன், விலை, பத்தாம் வகுப்புப் படிக்கும் என் பையனுக்கு ஒரு குளிர்பானம். மூன்று ஞாயிறு போயிற்று. முன் காலுக்கு வைப்பதா பின் காலுக்கு வைப்பதா என்று மாற்றி மாற்றி வைத்து, மூன்றாம் ஞாயிறு 0.01-க்கு வந்தது.

அண்ணன் வந்து கேட்டார். சொன்னேன்.

"வெளி முனை பெருசா வந்துச்சுன்னா அந்தப் பக்கம் முன்னங்காலைத் தூக்கோணும். டூல் ஜாப்பப் பாத்துச் சாஞ்சுக்கும். அவ்வளவுதான?"

"உங்களுக்குத் தெரியுமாங்ணா? முன்னமே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலியே. அதுவுமில்லாம, மூணு ஞாயிறு இதுக்குக் குடுப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கு மூணு மணி நேரம் யாரு குடுத்தா? டேப்பர் வந்தா அரத்துல ரெண்டு இழுப்பு, எமரியில ஒரு தேய்ப்பு, சைஸ் வந்துரும். ஜாப்பு போயிரும்."

இதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. இயந்திரத்தின் குறை அவருக்குத் தெரியும். சரி செய்யும் வழியும் தெரியும். நேரம் மட்டும் அவருடையதாக இல்லை. அதனால் குறையுள்ள இயந்திரத்திலிருந்து நல்ல ஜாப்பை எடுக்கும் வித்தையை 41 வருடம் கையில் ஏற்றிக்கொண்டார். என்னிடம் வித்தை இல்லை, நேரம் இருக்கிறது. என் சம்பளம் வேறு எங்கிருந்தோ வருவதால்தான் எனக்கு இந்தப் பொறுமை. இதை ஏதோ தவம் மாதிரி பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

அவர் கையில் ஏறியதில் பாதி காதில்தான் இருக்கிறது. ஒருநாள் கம்பியைத் துண்டிக்க பார்ட்டிங் டூலை உள்ளே விட்டேன். கிரீச்சென்று அலறி டூல் ஜாப்புக்குள் இழுத்துக்கொண்டு பெல்ட் நின்றுவிட்டது. மாடியிலிருந்தே குரல் வந்தது: "டூல் சென்டருக்குக் கீழ இருக்குது!" இறங்கி வந்தவர் என் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, வட்டக் கம்பிக்கும் டூல் முனைக்கும் நடுவில் நிறுத்தி, டூலை மெதுவாக முன்னால் தள்ளி அழுத்தினார். ஸ்கேலின் தலை நம் பக்கம் சாய்ந்தது. "பாத்தீங்ளா, நம்மளப் பாத்துத் தலையக் குனியுது. டூல் கீழ. அந்தப் பக்கம் சாஞ்சா மேல. நட்டுக்கு நின்னா சரி." தனிக் கருவி ஏதும் வேண்டாம், ஐந்து விநாடி. இதற்காக நான் ஒரு உயர அளவி வாங்கி வைத்திருந்தேன். அது இப்போது அலமாரியில் இருக்கிறது.

"சும்மா" கடைகிறவர்கள் உலகத்தில் நான் முதல் ஆள் இல்லை என்று அவருக்கு நிரூபிக்க ஒருநாள் இங்கிலாந்துக் கதையை எடுத்தேன். 1898-இல் பெர்சிவல் மார்ஷல் என்பவர் லண்டனில் இதற்கென்றே "மாடல் இன்ஜினியர்" பத்திரிகையைத் தொடங்கினார். அதே ஆண்டில் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு சங்கமும் எழுந்தது. தோட்டத்து மூலையில் ஒரு கொட்டகை, அதில் ஒரு சின்ன லேத், சனிக்கிழமை மதியம் வந்தால் அந்தக் கொட்டகைதான் உலகம். 1946-இல் நாட்டிங்ஹாம் பக்கத்து பீஸ்டனில் மைஃபோர்டு கம்பெனி எம்.எல்.7 என்ற லேத்தைக் கொண்டுவந்தது. அந்தக் கொட்டகைகளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அமைந்தது அது. கம்பெனி 2011-இல் மூடப்பட்டுவிட்டது, லேத்துகள் இன்னும் ஓடுகின்றன.

அண்ணனுக்குப் பிடித்தது எல்.பி.எஸ்.சி. கதை. அது ஒரு பழைய ரயில்வே கம்பெனியின் பெயர்ச் சுருக்கம். அதையே புனைபெயராக வைத்துக்கொண்டு ஒருவர் அந்தப் பத்திரிகையில் பல பத்தாண்டுகள் எழுதினார். இரண்டரை அங்குல கேஜ் தண்டவாளத்தில் ஓடும் குட்டி நீராவி ரயிலில், பெரிய ரயிலைப் போலவே நிலக்கரி போட்டு எரிக்க முடியுமா என்பது 1920-களில் பெரிய சண்டை. அது முடியாது, ஸ்பிரிட் விளக்குதான் சரி என்று பெரிய கைகள் சொன்னார்கள். இவர் "ஆயிஷா" என்ற தன் இன்ஜினில் கரி போட்டு, வளர்ந்த மனிதரையே உட்கார வைத்து இழுத்துக் காட்டினார். அதோடு விடாமல், பயிற்சியே இல்லாத ஆளும் வீட்டில் செய்யக்கூடிய விதத்தில், அடுத்த வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி வாரா வாரம் எழுதிக் கொடுத்தார்.

"ஆளையே இழுத்துச்சா? அந்த பாய்லருக்கு யாரு காசு குடுத்தா?"

"யாருமில்லீங்ணா. அவரே."

"ம்."

அமெரிக்காவில் டேவிட் ஜிஞ்சரி இன்னும் ஒருபடி மேலே போனார். 1980 வாக்கில் தொடங்கி ஏழு சின்னப் புத்தகங்கள். முதலில் ஒரு வாளியில் கரி அடுப்பு செய்து அலுமினியம் உருக்கு, அந்த வார்ப்பில் லேத் செய், லேத்தை வைத்து ஷேப்பர் செய், பிறகு மில்லிங் மெஷின் என்று போகும். நானும் வார்ப்பில் இறங்கிப் பார்த்தேன். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், பழைய பிஸ்டன்கள் எடைக்குக் கிடைக்கும், வார்ப்பு மணலுக்கோ இந்த ஊரில் பஞ்சமே இல்லை. ஆனால் இரண்டாம் முறை மணலில் ஈரம் கொஞ்சம் கூடிவிட்டது. ஊற்றியதும் அச்சு புஸ்ஸென்று துப்பி, ஒரு சொட்டு என் செருப்புக்கு அரையடி தள்ளி விழுந்தது. அடுப்பை அன்றைக்கே மூடினேன். பக்கத்தில் ஃபவுண்டரி இருக்கும் ஊரில் எனக்கு இது தேவையில்லை என்று தோன்றிவிட்டது. பயம் என்றும் சொல்லலாம்.

இப்போது நடக்கும் கூத்துக்கு வருகிறேன்.

சித்தப்பாவின் பழைய ரஷ்யக் கேமரா லென்ஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை என் கேமராவில் மாட்ட ஒரு வளையம் வேண்டும். லென்ஸின் மரை 42 மில்லி விட்டம், 1 மில்லி பிட்ச். வளையம் கடையில் கிடைக்கும், தெரியும். தெரிந்துதான் செய்யப் போனேன். மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் திருகான லீட் ஸ்க்ரூ என் லேத்தில் அங்குலக் கணக்கு, அங்குலத்துக்கு 8 மரை. அதில் மில்லிமீட்டர் மரை போட வேண்டுமென்றால் கியர் வழியாக அங்குலத்தை மில்லியாக்க வேண்டும். ஓர் அங்குலம் சரியாக 25.4 மில்லி. கியருக்கு முழு எண்ணில்தான் பல் இருக்க முடியும். 25.4-ஐ ஐந்தால் பெருக்கினால் 127. அது பகா எண், அதற்கு மேல் சுருக்க வழியில்லை. 40 பல் கியரும் 127 பல் கியரும் இருந்தால் 1 மில்லி பிட்ச் துல்லியமாக வரும். கடையில் வாங்கிய நாளிலேயே என் லேத்தில் காணாமல் போயிருந்த இரண்டு கியரில் ஒன்று, வேறென்ன, 127.

சரி, அதையே செய்வோம் என்று இறங்கினேன். கணக்கு எழுதுகிறவனுக்கு எண்கள் ஒட்டிக்கொண்டால் விடாது. மாட்யூல் 1-இல் 127 பல் கியரின் பிட்ச் விட்டம் 127 மில்லி. அது சரியாக ஐந்து அங்குலம். (எல்.பி.எஸ்.சி.யின் இரண்டரை அங்குலத் தண்டவாளம் அதில் சரிபாதி. இதற்கு எந்த அர்த்தமும் இல்லை, ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை.) வட்டத்தை 127 சம பங்காகப் பிரிப்பதுதான் கஷ்டம், சாதாரண டிவைடிங் பிளேட்டில் அந்த எண் கிடையாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. தையல்காரர் டேப் போல ஒரு டேப்பை எடுத்து, 1270 மில்லியில் வெட்டினால் ஒவ்வொரு சென்டிமீட்டரும் ஒரு பல். 1270 மில்லி சுற்றளவு என்றால் 404 மில்லி விட்டம். அந்த அளவுக்கு ஒரு பிளைவுட் வட்டம் வெட்டி, டேப்பைச் சுற்றி ஒட்டி, லேத் ஸ்பிண்டிலின் பின் முனையில் மாட்டினேன். வட்டம் கியரைவிட மூன்று மடங்குக்கு மேல் பெரியது, அதனால் விளிம்பில் 0.3 மில்லி தவறினாலும் பல்லில் 0.1-க்குள்தான் தவறும். மெதுவாகச் சுற்றும் கியருக்கு அது போதும்.

பல் வெட்ட மில்லிங் மெஷின் இல்லை. பல்லின் இடைவெளி வடிவத்துக்கு ஒரு டூலைத் தீட்டி, படுக்க வைத்துப் பிடித்து, மோட்டாரை அணைத்துவிட்டு, டூலைத் தாங்கும் கேரேஜைக் கையால் முன்னும் பின்னும் தள்ளி இழைக்க வேண்டும். எட்டு மில்லி அலுமினியத் தட்டு, பல்லுக்கு 2.25 மில்லி ஆழம். ஒரு இழுப்புக்கு 0.1 மில்லிக்குக் கொஞ்சம் மேலே எடுத்தால் பல்லுக்கு இருபது இழுப்பு. 127 பல்லுக்கு 2540 இழுப்பு. (ஆமாம், 25.4-இன் நூறு மடங்கு. மனைவியிடம் சொன்னேன், அவள் சீரியலின் ஒலியைக் கூட்டினாள்.)

பிளைவுட் வட்டத்தைப் பார்த்த அன்று அண்ணன் என் பக்கத்து ஸ்டூலில் முதல் தடவையாக உட்கார்ந்தார்.

"கணபதியில குடுத்தா ஒரு மணி நேரத்துல வெட்டிக் குடுத்துருவாங்க தம்பி."

"தெரியுங்ணா."

"அதையும் விடுங்க. 63 பல்லு இருக்குதா?"

இருந்தது. கடைக்காரர் கொடுத்த கியர்க் குவியலில் எதற்கென்று தெரியாமல் கிடந்த ஒன்று.

"அதப் போடுங்க. 63-ம் 100-ம், நடுவுல 30-ம் 60-ம் கோத்தாப் போதும். அங்குல மெஷின்ல மில்லி மரை நாங்க இப்படித்தான் போட்டோம். ஆஃப் நட்டை மட்டும் தெறந்துராதீங்க. மூடினது மூடினபடியே ரிவர்ஸ்ல வரோணும், இல்லாட்டி மரை தப்பிப் போயிரும்."

தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். 63/100, பிறகு பாதி: 0.315. நிஜமாக வேண்டியது 40/127, அதாவது 0.31496. எட்டாயிரத்தில் ஒரு பங்கு பிசகு. ஒரு மீட்டர் நீளத்துக்கு மரை போட்டால்கூட மில்லியில் எட்டில் ஒரு பங்குதான் தவறும்.

"உங்களுக்கு எத்தனை நீளத்துக்கு மரை வேணும்?"

"அஞ்சு மில்லிங்ணா."

அவர் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கியது. அடுத்த ஞாயிறு 63 போட்டு மரை வெட்டினோம். லென்ஸ் முதல் தடவையிலேயே வழுவழுவென்று ஏறியது. வேலை முடிந்தது, வளையம் தயார். பிளைவுட் வட்டமும் அரைகுறைத் தட்டும் மூலையில் கிடந்தன.

ஒரு வாரம் பொறுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு திரும்ப மாட்டினேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் தட்டு வீணாயிற்று. எங்கேயோ எண்ணிக்கை தவறியதா, டேப் நழுவியதா தெரியவில்லை, 126-ஆவது பல் முடிந்தபோது ஒன்றரைப் பல்லுக்கு இடம் மிச்சம் இருந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இழுப்பு. விளக்கை அணைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் அலுவலகத்திலிருந்து வந்தால் பட்டறைக் கதவு திறந்திருந்தது. மனைவியிடம் அண்ணன் சாவி வாங்கியிருக்கிறார். வட்டத்தின் அருகே நான் வைத்திருந்த குறிமுள்ளைக் கழற்றிவிட்டு, பித்தளையில் ஒரு ஸ்பிரிங் முளை கடைந்து மாட்டியிருந்தார். முனை ஊசியாக இல்லாமல் கூம்பாக இருந்தது. டேப்பின் ஒவ்வொரு சென்டிமீட்டர் கோட்டிலும் பிளைவுட்டில் சின்னதாகத் துளை. 127 துளையும் அவரே போட்டது. முளை துளைக்குள் விழும்போது டக்கென்று கேட்கிறது, எண்ணத் தவறினாலும் இடம் தவறாது.

"கண்ணுல பாத்து வெச்சா கோடு தள்ளும். காதுல கேக்கோணும்" என்றார்.

இப்போது சாயங்காலம் ஆறரைக்கு அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வட்டத்தைத் திருப்புகிறார். டக். நான் கேரேஜைத் தள்ளுகிறேன், மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு. இருபது ஆனதும் அவர் எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த துளைக்குப் போகிறார். போன வாரம் தெருவில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அவருடைய பழைய பட்டறை நண்பர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "யாரு ஜாப்பு?" என்றார். அண்ணன் திரும்பாமலே, "இருங்க, எண்ணிட்டு இருக்கேன்" என்றார்.

நேற்று 71-இல் நிறுத்தினோம். மழை பிடித்துக்கொண்டது, மின்சாரமும் போய்விட்டது. இழைக்க மின்சாரம் எதற்கு என்று மொபைல் வெளிச்சத்தில் இன்னும் நாலு பல் பார்த்துவிடலாம் என்றேன். அண்ணன் கேட்கவில்லை. 71-ஆம் துளைக்கு நேரே சாக்பீஸில் ஒரு கோடு போட்டுவிட்டு மாடி ஏறினார். நான் முளையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, செருப்பில் ஒட்டியிருந்த அலுமினியப் பிசிறை வாசலிலேயே தட்டினேன். சமையலறைக்குள் ஒரு பிசிறு கிடைத்தாலும் 72 நடக்காது.